ஊரார் பெயரில் இரண்டாயிரம் வேலி

காவிரிக் கடைமடையில் ஜெகந்நாதன் – கிருஷ்ணம்மாள் தம்பதி நடத்திய 62 ஆண்டு இல்லறம்

தஞ்சாவூர்ப் பக்கம் வரன் பேச்சு எடுத்தால், பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்பாகவே ஒரு கேள்வி வந்து விழும்: "நிலம் எவ்வளவு?" பதில் ஏக்கரில் வராது. மாவில் வரும், பெரிய இடம் என்றால் வேலியில் வரும். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பத்து வேலிக்காரர் தெருவில் வந்தால் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அது ஒன்றும் அவ்வளவு பழைய காலமும் இல்லை.

அந்த மண்ணில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் கைவழியாகக் கைமாறிய நிலம், 2007 வரையிலான கணக்கில் சுமார் 13,000 ஏக்கர். வேலிக் கணக்குப் போட்டால் இரண்டாயிரத்தைத் தொடும். அத்தனையும் ஊரார் பெயரில். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட பெண்களின் பெயரில்.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 'காந்தியத் தம்பதி' என்று ஒரு வரியில் சொல்லி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு வழக்கம். அப்படி நகர்ந்தால் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகும். ஒன்று, கீழத் தஞ்சையின் அரை நூற்றாண்டு நில வரலாறு. இன்னொன்று, அந்தக் குடும்பம் நடந்த விதம். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் டெல்டாவில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒரு வாய்க்கால் திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும், ஆனால் இரண்டு பக்கப் பயிரும் பிழைக்கும். இவர்களும் அப்படித்தான் முறை வைத்து வாழ்ந்தார்கள். ஒருவர் சிறையில் இருந்தால் மற்றவர் வெளியே. ஒருவர் வடக்கே நடந்தால் மற்றவர் தெற்கே வேலையைத் தாங்கினார்.

சுதந்திரம் வரட்டும், பிறகு கல்யாணம்

கிருஷ்ணம்மாள் 1926 ஜூன் 16 அன்று, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். தாய் நாகம்மாள் நிறைமாதத்திலும் காட்டு வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்த பெண். மகாத்மாவின் பெயர் வருவதற்கு வெகுமுன்பே, கூலி வேலை என்றால் என்ன என்பது அவருக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது. மதுரையில் டாக்டர் சௌந்திரம் அம்மாளின் அரவணைப்பில் கல்லூரிப் படிப்பை முடித்தார். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, ஜி. ராமச்சந்திரனை மணந்து, கணவருடன் 1947-ல் காந்திகிராமத்தை நிறுவியவர் அந்தச் சௌந்திரம்.

ஜெகந்நாதன் வந்த வழி நேர் எதிர். ராமநாதபுரம் சீமையின் வசதியான குடும்பம். 1930-ல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்து காந்தியவாதியாக மாறிய ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானுடன் சேர்ந்து ஏழைகளிடையே வேலை செய்தார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றார்.

இருவருக்கும் மனம் ஒத்துப்போன பிறகும், சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட நிபந்தனை. 1950-ல் சாதி கடந்த அந்தத் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகாவது சேர்ந்து குடித்தனம் வைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒரு நிலக்கிழார் நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னதில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்தது. ஜெகந்நாதன் வட இந்தியாவில் வினோபாவுடன் நடந்துகொண்டிருந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சி முடித்தார்.

கேட்டு வாங்கிய நிலம்

ஜெகந்நாதன் தமிழ்நாட்டுக்குத் திரும்பியதும் நடை இங்கே தொடங்கியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருவருக்கும் வெட்டவெளிதான் வீடு. விடிவதற்கு முன் கிளம்பி அடுத்த ஊர், மரத்தடியில் கூட்டம், கிடைத்த இடத்தில் சாப்பாடு, கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுக்கை என்பதுதான் பாதயாத்திரை. ஊருக்கு வெளியே வயல் வரப்பில் நடந்து பழகியவர்கள் மண்ணைப் பார்த்தே ஊரை எடை போடுவார்கள்: எது களிமண், எது செம்மண், எந்தக் கிணறு தூர்ந்தது, எந்த நிலம் பெயருக்குத்தான் நிலம்.

அந்தக் கடைசிக் கேள்விதான் பூதானத்தின் சிக்கலும்கூட. தானமாக வந்ததில் ஒரு பங்கு கல்லும் கரடுமாக இருந்தது. ஒரு பங்கு வழக்கில் கிடந்தது. கொடுத்தவர் சொன்ன வாக்கு வேறு, கிராமக் கணக்கில் இருந்த பெயர் வேறு. தானமாக வந்த நிலத்தைச் சட்டப்படி முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1958-ல் பூதான யக்ஞச் சட்டமே போட வேண்டியிருந்தது. தனித்தனிக் காணி கேட்பதை விட்டு ஊரையே பொதுவாக்கும் கிராமதானத்துக்கு இயக்கம் நகர்ந்தது. கேட்டுக் கிடைக்காத இடத்தில் சத்தியாகிரகம். அதற்காக ஜெகந்நாதனுக்குப் பலமுறை சிறை.

வானம் பார்த்த பூமியில் தானம் கேட்பது ஒரு மாதிரி. கல்லணையிலிருந்து பிரிந்து வரும் காவிரியும் வெண்ணாறும் பாய்கிற நன்செயில் கேட்பது முற்றிலும் வேறு. மேலே மிராசுதார், நடுவில் குத்தகைதாரர், அடியில் பண்ணையாள் என்று அடுக்கடுக்காக இறுகிய ஊர் இது. ஆளுடைய குடிசை நிற்கும் இடம்கூடப் பண்ணைக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் கூலியோடு கூரையும் போகும். சாணிப்பாலும் சவுக்கடியுமே பண்ணையாளுக்குத் தண்டனையாக இருந்த அந்தக் காலத்தை எதிர்த்து 1940-களிலேயே பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சங்கம் கட்டியிருந்தார்கள். கதர்ச்சட்டைக்காரர்கள் வந்து சேர்ந்தபோது கீழத் தஞ்சையில் செங்கொடி பறந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெண்மணி

1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் உச்சத்தில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் மக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற பண்ணையார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

வெண்மணிக்குப் பிறகு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத் தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் இங்கேயே வேர் பிடித்தார்கள். வலிவலத்தில் கோயில் நிலங்களை உழுபவர்களுக்குக் கேட்டுச் சத்தியாகிரகம் நடந்தது. சட்டமும் மெல்ல அசைந்தது: 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971-ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம். 1961-ல் 30 தர ஏக்கராக இருந்த நில உச்சவரம்பு 1970-ல் 15 தர ஏக்கராக இறங்கியது. ஆனால் உச்சவரம்புக்குத் தப்பிக்கப் பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் தயாராக இருந்தன. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. காகிதத்தில் குறைந்த பண்ணை வயலில் குறையவில்லை.

இடையில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கம் அவர்களைப் பீகாருக்கு இழுத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெகந்நாதன் மறுபடி சிறைக்குப் போனார். முறை மாறியது, வேலை நிற்கவில்லை.

ஓர் ஏக்கரின் கணக்கு

1981-ல் இருவரும் தொடங்கிய அமைப்பு லாஃப்டி — உழுபவனின் நில உரிமை இயக்கம். நாகப்பட்டினம் பக்கம் கூத்தூர் வினோபா ஆசிரமம் அதன் இருப்பிடம். தானத்தில் முப்பது ஆண்டு நடந்து தேய்ந்த கால்கள் இப்போது விலை பேச உட்கார்ந்தன.

நேரம் அதற்குத் தோதாக இருந்தது. மிராசு வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருந்து ஆள் வைத்து வெள்ளாமை பார்க்க வீட்டில் யாரும் இல்லை. ஒரு பக்கம் உச்சவரம்புப் பயம், மறுபக்கம் சங்கத்தின் கூலிப் பேச்சு. நியாயமான விலை வந்தால் விற்றுவிடலாம் என்ற மனநிலை பண்ணை வீட்டுத் திண்ணைக்கே வந்திருந்தது. வாங்க ஆசைப்பட்டவர்களிடம் பணம் இல்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பேசவைப்பது, வங்கிக் கடனுக்கு அலைவது, வாங்கிய நிலத்தில் கூட்டாகப் பாடுபட்டுக் கடனை அடைக்க வழி செய்வது: இவ்வளவும் லாஃப்டியின் வேலை.

சொல்வதற்கு எளிது. அடமானம் வைக்க எதுவும் இல்லாத பண்ணையாள் குடும்பத்துக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. அதைத் தாண்டினால் முத்திரைத்தாள் கட்டணம். நிலத்தின் விலையோடு பத்திரச் செலவையும் சேர்த்தால் ஓர் ஏக்கர் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. கிருஷ்ணம்மாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மாவட்ட ஆட்சியர் அறை, வங்கி மேலாளர் மேசை, சென்னைக் கோட்டை என்று படியேறிய அந்த அலைச்சலும் ஒரு பாதயாத்திரைதான். வரப்புக்குப் பதில் படிக்கட்டு, அவ்வளவே.

கிரயம் ஆகும் நாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவர் ஒரு பக்கம், எழுதி வாங்குபவர் மறுபக்கம். எழுதிக் கொடுப்பவரின் வாசலில் செருப்போடு நடக்க முடியாத தெருவிலிருந்து வந்தவர் எழுதி வாங்குபவர். பத்திரத்தில் சர்வே எண் வரும், நான்கு எல்லை வரும்: இன்னார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெருவிரல் ரேகை. அந்த வயலின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மடை ஒழுகும், எந்தப் பக்கம் களை அதிகம் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த விரல் அது. தெரிந்ததெல்லாம் கூலிக்காரியாக; பதிவானது உடைமைக்காரியாக.

பெண் பெயரில் எழுதியதற்குக் காரணம் வயலிலேயே இருக்கிறது. நடவும் களையும் பெண்கள் வேலை. கடன் வாங்கிக் குடித்துவிட்டு அவசரத்துக்கு விற்கும் கை பெரும்பாலும் ஆணுடையது. ஆண் பெயரில் எழுதினால் ஏக்கர் எத்தனை வருஷம் தங்கும் என்று இருவருக்கும் தெரியும்.

இதை எதிர்த்து ஒரு வலுவான கேள்வி உண்டு. தலைமுறையாக உழைத்தவனிடமே நிலத்துக்கு விலை வாங்குவது என்ன நியாயம்? உச்சவரம்புக்கு மேல் இருப்பதை அரசே எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே? கேள்வி சரிதான். ஆனால் கோர்ட்டில் இழுபட்ட உபரி நிலத்தையும், கணக்கில் ஏறாத தான நிலத்தையும் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். பணம் கொடுத்து வாங்கிய பத்திரத்தை எந்தப் பண்ணையாராலும் திரும்பக் கேட்க முடியாது. நியாயம் முழுசாக வரட்டும் என்று காத்திருந்த காலத்தில் இன்னொரு தலைமுறை கூலியாகவே செத்துப்போகும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் சுமார் 13,000 குடும்பம் நிலம் கண்டது.

வயலில் ஏறிய உப்பு

1990-களின் தொடக்கத்தில் கடற்கரையோரம் வேறொரு மோகம் வந்தது. வரி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. நெல் வயல்களை வெட்டிக் குளமாக்கி, கடல்நீரை இறைத்து நிரப்பி இறால் வளர்த்தார்கள். கழிவுநீர் திரும்பவும் வாய்க்காலுக்கும் கடலுக்கும் போனது. குளத்து உப்பு கசிந்து பக்கத்து வயலுக்கு ஏறியது.

கடைமடை ஊரில் இதற்கு ஆய்வகம் தேவையில்லை, அடுப்பங்கரை போதும். ஊற்றிவைத்த பானையின் விளிம்பில் வெள்ளை படியும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். வயலில் நாற்று நுனி கருகும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நாற்றங்காலிலிருந்து கதிர் அடிக்கும் வரை எத்தனையோ கைகள் வேண்டும். இறால் குளத்துக்குக் காவலுக்குச் சில பேர் போதும். நிலம் வாங்கிக் கொடுத்த கிராமங்களின் நிலமே உவராகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருவராலும் சும்மா இருக்க முடியவில்லை.

ஜெகந்நாதன் அப்போது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஊர் ஊராகச் சத்தியாகிரகம் நடந்தது. அடியாட்கள் வந்தார்கள், குடிசைகள் எரிந்தன, தொண்டர்கள் மீது பொய் வழக்குகள் விழுந்தன. 1994-ல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாக்பூரிலுள்ள நீரி நிறுவனத்தின் ஆய்வாளர்களை நீதிமன்றம் களத்துக்கு அனுப்பியது. இறாலால் வரும் லாபத்தைவிட மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்படும் இழப்பு பெரிது என்று அவர்களின் அறிக்கை சொன்னது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். விவசாய நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும். எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கு இன்றும் சுற்றுச்சூழல் சட்டப் பாடத்தில் இருக்கிறது.

ஆனால் தீர்ப்பு வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. இடிப்புக்குத் தடை வந்தது. 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்து இந்தத் தொழிலுக்கு முன்தேதியிட்டு விலக்கே கொடுத்தது. உச்ச நீதிமன்றம் மூடிய கதவை நாடாளுமன்றம் திறந்துவிட்டது. காட்டாறாக வந்த தொழிலுக்கு உரிமம், பதிவு என்று கரையாவது போடப்பட்டதில் அந்த வழக்குக்குப் பங்கு உண்டு. அதற்கு மேல் வென்றது என்று சொல்வது மிகை.

வீடும் பிள்ளைகளும்

இப்படி ஒரு பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மகன், மகள் இருவருமே டாக்டர்கள். மகனின் பெயரிலேயே 'பூமி' இருக்கிறது. பூதான நாட்களின் ஞாபகம். அப்பா சிறையிலும் அம்மா ஊர்வலத்திலும் இருந்த வீட்டில் வளர்வது எந்தக் குழந்தைக்கும் சுலபமில்லை. பொதுவாழ்க்கைக்காரர்களின் பிள்ளைகள் அதற்குக் கொடுத்த விலையை நாம் விருது விழாக்களில் பேசுவதில்லை, பேச வேண்டும்.

குடும்பம் என்ற சொல்லுக்கு அவர்கள் போட்ட வட்டமும் பெரிது. வள்ளலார் பக்தையான கிருஷ்ணம்மாள் ஊருக்குள் நுழைந்தால் விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்த பிறகே பேச்சைத் தொடங்குவார். அங்கே அவர் தலைவர் இல்லை, அம்மா. வயலில் வேலை இல்லாத மாதங்களில் பாய் முடைதல், தையல், தச்சு, கொத்து வேலை, கம்ப்யூட்டர் பயிற்சி என்று லாஃப்டி பட்டறைகள் நடத்தியதும் அந்த அம்மாத்தனத்தின் நீட்சிதான். சித்திரை, வைகாசியில் கூலி வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று தெரிந்தவர் போட்ட திட்டம் அது.

2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. உப்பு நீர் வயலுக்குள் வந்தது. மண் குடிசை எதுவும் நிற்கவில்லை. நிலத்துக்கு அடுத்தபடி வீடு என்று கிருஷ்ணம்மாள் இறங்கினார். மழைக்குக் கரையாத கல் வீடு ஒவ்வொரு நிலமற்ற குடும்பத்துக்கும் வேண்டும் என்பதையே எண்பது வயதுக்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினார். 2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே வந்தது. 1989-ல் பத்மஸ்ரீ, 2020-ல் பத்மபூஷண் இரண்டும் கிருஷ்ணம்மாளுக்கு. இத்தாலிய எழுத்தாளர் லாரா கோப்போ இருவரிடமும் பேசி எழுதிய வாழ்க்கைக் கதை 'சுதந்திரத்தின் நிறம்' என்று தமிழிலும் வந்திருக்கிறது.

2013 பிப்ரவரி 12 அன்று ஜெகந்நாதன் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு அப்போது 86 வயது. புருஷன் போனால் பெண்டாட்டி மூலையில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஊரில், அவர் வீடு கட்டும் வேலையைத் தொடர்ந்தார். தொடக்கத்திலிருந்தே அது இருவரின் வேலை. அதில் பேச்சுவார்த்தையும் அலுவலகப் படியேற்றமும் பெண்களைத் திரட்டுவதுமான பெரும்பங்கு அவருடையது. வழக்கின் தலைப்பில் கணவர் பெயர் இருக்கிறது என்பதால், வேலையின் பாரத்தில் மனைவி பங்கைக் குறைத்து எழுதக் கூடாது.

இனி யார் முறை?

2020-ல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டது. புதிய ஹைட்ரோகார்பன் ஆய்வு போன்றவற்றுக்கு அதில் தடை இருக்கிறது. நல்லது. ஆனால் நிலத்தைக் காப்பது ஒன்று. அந்த நிலத்தை வைத்திருக்கும் ஓர் ஏக்கர்க்காரியைக் காப்பது வேறொன்று. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது; சில ஆண்டுகளில் வருவதே இல்லை. குறுவை போய், சம்பா மட்டும் தங்கும் வயல்கள் நிறைய. கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்தால் பெரிய விவசாயிக்கு நஷ்டம். ஓர் ஏக்கர்க்காரிக்கு அந்த வருஷமே போயிற்று. அடுத்தடுத்து இரண்டு வருஷம் அப்படிப் போனால் மனை போடுகிறவர் முன்பணத்தோடு வாசலில் நிற்பார்.

கிரயம் வாங்கிக் கொடுப்பது வரைக்கும் ஒரு தம்பதி தங்கள் ஆயுளைக் கொடுத்துச் செய்தாயிற்று. வாங்கிய ஏக்கர் கைவிட்டுப் போகாமல் பார்ப்பது தூர்வாரிய வாய்க்காலிலும், நேரத்துக்குக் கிடைக்கும் கூட்டுறவுக் கடனிலும், நனையாத கொள்முதல் கிடங்கிலும் இருக்கிறது. இவை எதற்கும் சத்தியாகிரகம் தேவைப்படக் கூடாது. ஓர் அரசாங்கம் அன்றாடம் செய்ய வேண்டிய வேலைகள் இவை. அவர்களுக்குச் சிலை வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், அதற்கு முன் கீழ்வேளூர் பக்கம் ஒரு 'சி' பிரிவுக் கிளை வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு வரட்டும்.